இருபதடி ராடு உள்ள வரணும்

இல்லைங்க, மூக்கு என்னோடது இல்ல. வர்றவங்க எல்லாம் தொட்டிலை எட்டிப் பார்த்துட்டு, என் மூஞ்சியையும் ஒரு தடவை பார்த்துட்டு, மரியாதைக்கு "அப்படியே தாத்தா"ன்னு சொல்லிட்டுப் போறாங்க. அது என் சம்பந்தியம்மாவோட மூக்கு. நுனி லேசா மேல தூக்கிக்கிட்டு, எதைப் பார்த்தாலும் "இதுல ஏதோ சரியில்லையே"ன்னு சொல்ற மாதிரியே இருக்கும். பேத்தி பிறந்து முப்பத்திரெண்டு நாள்தான் ஆகுது. அதுக்குள்ள என்னையே அப்படித்தான் பார்க்குறா. பார்க்கட்டும். அவ பார்த்தா எனக்குக் காலு தரையில நிக்க மாட்டேங்குது.

சம்பந்தியம்மான்னா என் மகனோட மாமியார். அந்த ரயில் பாதை ஓரத்துல அவங்களை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்ல. போல்ட்டக்கான்னாதான் தெரியும். தபால்காரர்கூட அப்படித்தான் விசாரிப்பார். ஸ்டேஷன்ல இறங்கி பத்து நிமிஷம் நடந்தா, தண்டவாளத்து மதிலை ஒட்டி வரிசையா நாப்பது பட்டறை. அட்டை டப்பா செய்யறவங்க, பெயிண்ட் அடிக்கிறவங்க, பைப் வளைக்கிறவங்க. அதுல நடுவுல தகரக் கூரை போட்டு, வாசல்ல இரும்புச் சுருள் குவிஞ்சு கிடக்கிறதுதான் அவங்க லேத் பட்டறை. நாலு லேத்து, பதினோரு ஆளு. இருபதடி ராடு முழுசா உள்ள போகும், போல்ட்டாவும் ஷாஃப்ட்டாவும் வெளிய வரும்.

அந்த ராடை பத்தொன்பது வருஷம் கொண்டுபோய் இறக்கினது நான்தான். சின்ன லாரி ஓட்டிக்கிட்டு இருந்தேன், இப்போ அதை மகன் ஓட்டுறான். முதல் நாள் போனப்போ ரசீதை நீட்டினேன். அந்தம்மா ரசீதைப் பார்க்கவே இல்ல. இடுப்புல இருந்து டேப்பை உருவி, ஒரு முனையை என் கையில குடுத்துட்டாங்க.

"பிடிங்க அண்ணே. கடைசிவரைக்கும் போங்க."

"கடைக்காரரு அளந்துதாம்மா குடுத்தாரு."

"அவரு அளந்தாரு. நான் அளக்கலையே?"

அரை அடி குறைச்சல் இருந்துச்சு. எனக்கு மூஞ்சி செத்துப் போச்சு. அந்தம்மா ஒரு வார்த்தை திட்டல. "உங்களைச் சொல்லல அண்ணே, டீ சாப்பிடுங்க"ன்னாங்க. அன்னையில இருந்து ஒவ்வொரு லோடுக்கும் டேப்போட அந்த முனை என் கையிலதான். இப்படி டேப்பைப் பிடிச்சுப் பிடிச்சே சம்பந்தியானவன் நான். ஒரு நாள் எனக்குக் காய்ச்சல்னு மகனை வண்டியில அனுப்பினேன். அந்தப் பக்கம் டேப்பைப் பிடிச்சது அவங்க பொண்ணு. அப்புறம் என் பையன் எனக்குக் காய்ச்சல் எப்ப வரும்னு காத்துக்கிட்டு இருக்க ஆரம்பிச்சுட்டான்.

அந்தம்மா முதலாளியா வந்தவங்க இல்ல. பத்தொன்பது வயசுல போல்ட்டை எண்ணி டப்பாவுல போடற வேலைக்குத்தான் வந்தாங்க. ஸ்டூலைக் கொண்டுபோய் லேத்துக்குப் பக்கத்துல போட்டுக்கிட்டு, கை எண்ணிக்கிட்டு இருக்கும், கண்ணு மெஷின்ல இருக்கும். ஒரு நாள் லேத்துக்காரர் வரல, அவசர வேலை நிக்குது. "நான் போடட்டுமா?"ன்னு கேட்டாங்களாம். எல்லாரும் சிரிச்சிருக்காங்க. சாயங்காலம் நூத்தியிருபது போல்ட்டை வரிசையா அடுக்கி வெச்சப்போ சிரிச்சவங்களே வந்து அளந்து பார்த்தாங்களாம். ஒண்ணுகூடத் தப்பு இல்ல. பழைய முதலாளி வயசாகி ஒதுங்கினப்போ, இதை எடுத்து நடத்த ஒரே ஆளு இவதான்னு சாவியைக் குடுத்துட்டுப் போயிட்டார்.

அவங்க வீட்டுக்காரர் தையல்காரர். ஊசி விழுற சத்தத்துக்கு மேல எந்தச் சத்தமும் அவருக்கு ஆகாது. "எங்க வீட்டுல பேச்சு எல்லாம் நான், அமைதி எல்லாம் அவரு"ன்னு சொல்லுவாங்க.

பட்டறையில ஒரு வழக்கம் உண்டு. கூட்ஸ் வண்டி போகும்போது யாரும் அளவு எடுக்க மாட்டாங்க. தரையே லேசா ஆடும், டம்ளர்ல டீ வட்டம் போடும். எல்லாரும் கையைத் தூக்கிட்டு நிப்பாங்க. கடைசிப் பெட்டி போனதும் மறுபடியும் குனிவாங்க. நாலு பேரு சேர்ந்து கும்பிடற மாதிரி இருக்கும் பார்க்க.

இப்படி இருக்கிறப்போதான் போன வருஷம் மதில்ல நோட்டீஸ் ஒட்டினாங்க. இத்தனை நாளா அது தொழிலுக்குன்னு ஒதுக்கின இடம். இனிமே அதை வீடும் கடையும் ஆபீஸும் கலந்த இடமா மாத்தப் போறாங்களாம். ஸ்டேஷன் பக்கத்துலயே இருக்கு, மாடி மாடியா கட்டினா ஆயிரம் குடும்பம் இருக்கலாம்னு எழுதியிருந்துச்சு. அதோட இன்னொரு வரி: "பட்டறைகள் பெரும்பாலும் மூடியே கிடக்கின்றன."

டப்பாக்காரருக்கு வந்துச்சே ஒரு கோபம். அவரு நாப்பது பட்டறைக்கும் தலைவர் மாதிரி. "மூடியா கிடக்கு? காதுல விழற சத்தம் எல்லாம் பேய் போடற சத்தமா?"

போல்ட்டக்கா நோட்டீஸை மூக்கைத் தூக்கிக்கிட்டு ரெண்டு தடவை படிச்சாங்க. அப்புறம் சிரிச்சுட்டாங்க.

"புதன்கிழமை வந்திருப்பாங்க."

அந்த வரிசைக்குக் கரண்ட்டு வேலை பார்க்கிறதுக்காக புதன்கிழமை லைனை நிறுத்திடுவாங்க. அதனால ஊருக்கெல்லாம் ஞாயிறு லீவுன்னா இவங்களுக்குப் புதன். கணக்கெடுக்க வந்தவங்க, பாவம், நாப்பது ஷட்டரையும் எண்ணி, நாப்பதும் மூடியிருக்குன்னு எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க.

டப்பாக்காரர் உடனே ஒரு மனு எழுதிக் கொண்டு வந்தார். இங்க வீடே கட்டக்கூடாதுன்னு. முப்பத்தொன்பது கையெழுத்து வாங்கிட்டார். நாப்பதாவது ஆளு பேனாவைத் திருப்பிக் குடுத்துட்டாங்க.

"என்னக்கா, நீங்களே இப்படிப் பண்ணா?"

"என் பதினோரு ஆளும் ரெண்டு பஸ் மாறி வர்றாங்க. என் பொண்ணு ஒத்தை ரூம்ல இருக்கா, அவளும் ரெண்டு பஸ்ஸுக்கு அந்தப் பக்கம். ஸ்டேஷன் பக்கத்துல வீடு வேணாம்னு நான் எப்படிய்யா எழுதுவேன்? எனக்கு வீடும் வேணும், பட்டறையும் வேணும்."

"ரெண்டும் எப்படிக்கா கிடைக்கும்?"

"கேட்டுப் பார்த்தியா?"

நேரா ஆபீஸுக்குப் போனாங்க. திட்டத்தைப் பார்த்துக்கற மேடம் ஒருத்தங்க. சண்டையெல்லாம் போடல. "வியாழக்கிழமை ஒரு தடவை வாங்க மேடம், டீ குடுக்கிறேன்"னு சொல்லிட்டு வந்துட்டாங்க. மேடமும் வந்தாங்க. சத்தத்துல டீ கேட்டதுகூட யார் காதுலயும் விழல. வரிசை முழுக்க நடந்து பார்த்து, அறுநூறு பேருக்கு மேல வேலை பார்க்கிறாங்கன்னு அவங்க கையாலயே எழுதிக்கிட்டுப் போனாங்க. ரெண்டு மாசத்துல திருத்தின திட்டம் வந்துச்சு. மேல எல்லாம் வீடு, கீழ்த்தளம் பட்டறைக்கு. இருக்கிறவங்களுக்குத்தான் முதல்ல.

டப்பாக்காரர் எல்லாருக்கும் டீ வாங்கினார். "போல்ட்டக்கா, நீங்க நெருப்பு!" பெயிண்டுக்காரர் ஒரு படி மேல போய், போல்ட்டக்காவுக்கு வாசல்ல சிலை வைக்கணும்னார். "சிலைக்கு நட்டு போல்ட்டு நான்தான் போடணும், விடு"ன்னாங்க அவங்க.

நானும் அன்னைக்கு அங்கதான் இருந்தேன். எல்லாரும் கிளம்பினப்புறம் அந்தம்மா மட்டும் திட்டத்தோட படத்தை லேத்து மேல விரிச்சுப் போட்டுக்கிட்டு நிக்கிறாங்க. மூக்கு மேல போயிடுச்சு.

"என்ன சம்பந்தியம்மா, கேட்டது கிடைச்சுடுச்சே?"

"அண்ணே, உங்க வண்டி எங்க நிக்கும்?"

படத்தைப் பார்த்தேன். எனக்குப் படிப்பு அஞ்சாவதோட சரி. ஆனா ஒரு இடத்துல வண்டி திரும்புமா திரும்பாதான்னு சொல்ல எனக்குப் படிப்பு வேணாம். வாசல் தெருப் பக்கம். வண்டி தெருவுல நிக்கணும். உள்ள போனா ஆறடி அகலத்துல ஒரு நடை. நடை போய் சுவர்ல முட்டி, இடது பக்கம் மடங்கி, அங்கயும் ஆறடி. அதுக்கப்புறம்தான் பட்டறைக் கதவு. கூரை ஒன்பதடி. துணிக்கடைக்கு நல்லா இருக்கும்.

"ராடு திரும்பாதும்மா"ன்னேன்.

"திரும்பாது. இந்த நாப்பது பேர்ல யாரும் பார்க்கல. டப்பா மடிஞ்சுக்கும், பெயிண்ட்டு டின்ல வரும். நானும் பைப்புக்காரங்களும் இன்னும் ஏழெட்டுப் பேரும்தான் மாட்டினோம். பட்டறைன்னு எழுதிக் குடுத்துட்டாங்க, பட்டறைக்குள்ள இரும்பு வர வழி குடுக்கல."

நான் ஒரு தப்பு பண்ணேன் அப்போ. நல்லதுக்குன்னு நெனைச்சுதான் சொன்னேன். "போனாப் போகுது, அதை வேற யாருக்காவது குடுத்துட்டு ஓய்வா இருங்க. பொண்ணுக்கு அஞ்சு மாசம் ஆகுது. பேரப்புள்ளையைப் பார்த்துக்கிட்டு இருக்கலாமே."

"பேரப்புள்ளையைப் பார்த்துக்கத்தான் வேலைவெட்டி இல்லாம நீங்க இருக்கீங்களே அண்ணே!"ன்னு ஒரே போடு. அப்புறம் படத்தைச் சுருட்டிக்கிட்டே மெதுவாச் சொன்னாங்க: "நான் ஓய்வெடுத்துப்பேன். அந்தப் பதினோரு பேரு எங்க போவாங்க? கையில தொழில் இருக்கு. அதைப் போட மெஷின் வேணும்ல."

பத்து நாள் கழிச்சு கருத்துக் கேட்புக் கூட்டம். இதுதான் கடைசி, இதுக்கு அப்புறம் திட்டம் கையெழுத்தாயிடும். டப்பாக்காரர் முந்தின நாளே வந்து கெஞ்சினார். "அக்கா, கையெடுத்துக் கும்பிடறேன். கிடைச்சதைக் கெடுத்துடாதீங்க. மறுபடியும் குறை சொன்னா, மொத்தமா வேணாம்னு தூக்கிப் போட்டுட்டா என்ன பண்றது?" அவரு பயமும் பொய் இல்ல. அன்னைக்கு அந்தம்மா சரியா சாப்பிடலைன்னு அவங்க வீட்டுக்காரர் சொன்னார். அவரு வாயைத் திறந்து சொல்றார்னா பார்த்துக்குங்க.

ஆபீஸ் ஹால்ல நடு மேசையில கட்டடத்தை பொம்மை மாதிரி செஞ்சு வெச்சிருந்தாங்க. அவ்வளவு அழகு. கட்டை விரல் உயரத்துல மரம், தீப்பெட்டி மாதிரி கார், தெருவுல சைக்கிள் விடற புள்ளைங்க, குழந்தை வண்டி தள்ற அம்மா. ஒவ்வொரு மாடியையும் கூரையையும் தனித்தனியா கழட்டி உள்ள பார்க்கலாம். அதைச் செஞ்ச இன்ஜினியர் தம்பி பக்கத்துலயே பெருமையா நின்னுக்கிட்டு இருந்தார். பெருமைப்படலாம், அப்படி ஒரு வேலை. போல்ட்டக்காவே சுத்திச் சுத்தி வந்து, "என்னமா செஞ்சிருக்கே தம்பி, ஓரமெல்லாம் சுத்தமா இருக்கு"ன்னு மனசாரச் சொன்னாங்க. அப்புறம் கேட்டாங்க.

"இது நெசத்துல எத்தனைல ஒரு பங்கு?"

"நூறுல ஒண்ணும்மா."

மூக்குக்கண்ணாடி டப்பாவைத் திறந்தாங்க. அதுக்குள்ள இருந்து ஒரு கம்பியை எடுத்தாங்க. நேரா, பளபளன்னு. லேத்துல போட்டு அவங்களே வெட்டினது.

"இது என் ராடு. எங்க ஊர்ல ஆறு மீட்டர். உங்க ஊர்ல ஆறு சென்டிமீட்டர். தெருவுல இருந்து இதைக் கொஞ்சம் என் பட்டறைக்குள்ள கொண்டுபோய்க் குடுங்க தம்பி."

ஹால்ல எல்லாரும் சிரிச்சாங்க. தம்பியும் சிரிச்சுக்கிட்டேதான் வாங்கினார். வாசல்ல நுழைச்சார், போச்சு. நடையில தள்ளினார், போச்சு. மடக்குல வந்து நின்னுடுச்சு. பின்னாடி இழுத்தார், சாய்ச்சார், மறுபடியும் தள்ளினார். ஒரு முனை இந்தச் சுவர்ல, ஒரு முனை அந்தச் சுவர்ல. சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமா அடங்குச்சு. "மேல தூக்கிக் கொண்டு போலாம்"னு முனையைத் தூக்கினார்.

"தூக்குங்க. ஆனா கூரையை மாட்டிட்டுத் தூக்குங்க."

மாட்டினார். டொக்குன்னு கூரையில முட்டுச்சு. அந்த ஆட்டத்துல குழந்தை வண்டி தள்ளிக்கிட்டு இருந்த பொம்மை அம்மா குப்புற விழுந்துட்டா.

"பார்த்து தம்பி, புள்ளைக்காரி."

மேடமே எழுந்து வந்தாங்க. கம்பியை வாங்கி அவங்களும் முயற்சி பண்ணாங்க. அவங்களுக்கும் திரும்பல.

தம்பிக்கு மூஞ்சி சிவந்துடுச்சு. ஆனாலும் விடல. "வெளியவே ரெண்டா வெட்டி எடுத்துக்கிட்டு வரலாமே அம்மா?"

"எங்க வெட்டறது? தெருவுலயா? நெருப்புப் பொறி பறக்கும். அங்கதானே உங்க புள்ளைங்க சைக்கிள் விடப் போகுது?"

அவரு அந்தக் குட்டி சைக்கிளைப் பார்த்தார்.

பக்கத்துல டப்பாக்காரர் "போச்சு, எல்லாம் போச்சு"ன்னு முணுமுணுத்துக்கிட்டே இருந்தார். மேடம் கண்ணாடியைக் கழட்டிட்டு நேராக் கேட்டாங்க. "சரிம்மா. குறை சொல்லிட்டீங்க. என்ன பண்ணணும்ங்கறீங்க?"

"தெருப் பக்கம் இருக்கிற கதவை ரயில் பக்கம் போடுங்க. எங்க அண்ணன் சொல்லுவாரு வண்டிக்கு எவ்வளவு வேணும்னு."

திடுதிப்புன்னு என்னைக் கூப்பிட்டுட்டாங்க. நான் மைக்கைத் தொட்டதே இல்ல. "இருபத்திரெண்டு அடி பாதை. வண்டி மதிலை ஒட்டி வரும், கதவுக்கு நேரா பின்னாடி எடுக்கும். ராடு நேரா உள்ள போகும், எங்கயும் திரும்ப வேணாம்"னு சொல்லிட்டு உக்காந்துட்டேன். சட்டை நனைஞ்சு போச்சு.

"ரயில் பக்கம் பூங்கா வெச்சிருக்கோமே?"ன்னார் தம்பி.

"அதைத் தெருப் பக்கம் தள்ளுங்க தம்பி. கூட்ஸ் போற இடத்துல யாரு உக்காந்து பேசுவா? ரயிலுக்கும் பூங்காவுக்கும் நடுவுல நாங்க நிக்கிறோம். எங்களுக்கு அந்தச் சத்தம் பழகினது. எங்க முதுகு, அதாவது பூங்காவைப் பார்த்த பக்கம், ஜன்னல் இல்லாத சுவரா கட்டிடுங்க. ரயில் சத்தமும் எங்க சத்தமும் ரெண்டும் ரயில் பக்கமே போயிடும். காலையில எட்டு மணிக்கு முன்னாடியும் ராத்திரி ஏழு மணிக்கு அப்புறமும் மெஷின் போட மாட்டோம். அதையும் எழுதிக்குங்க. எழுத்துலயே இருக்கட்டும்."

"அக்கா, ஏழு மணியா!"ன்னு பைப்புக்காரர் பின்னாடி இருந்து கத்தினார்.

"மேல குழந்தை தூங்கும்யா. உன் குழந்தையாக்கூட இருக்கும்."

தம்பி அதுவரைக்கும் கம்பியைக் கையிலயே வெச்சுக்கிட்டு இருந்தார். குனிஞ்சு, பூங்காவுல ஒட்டியிருந்த மரத்தை ஒவ்வொண்ணாப் பிடுங்கி மேசையில வெச்சார். காலி இடத்துல கம்பியை வெச்சு, சுவரைப் பார்த்து நேரா ஒரு தள்ளு தள்ளிப் பார்த்தார். "இங்க கதவு போட்டா போகும் மேடம்"னார். சொல்லிட்டு, விழுந்து கிடந்த பொம்மை அம்மாவைத் தூக்கி நிக்க வெச்சார். எனக்கு அந்தத் தம்பியை ரொம்பப் பிடிச்சுப் போச்சு. கிளம்பும்போது, "இந்தக் கம்பியை நான் வெச்சுக்கலாமா அம்மா?"ன்னு கேட்டார். "வெச்சுக்குங்க. இனிமே கதவு வரையறப்போ எல்லாம் பக்கத்துல வெச்சுக்குங்க"ன்னாங்க.

அதுக்கு அப்புறம் காகிதம் வரும் வரும்னு மாசம் ஓடுச்சு. நடுவுல என் பேத்தி வந்துட்டா. ஆஸ்பத்திரியில நர்ஸம்மா "ஐம்பது சென்டிமீட்டர்"னு சொன்னாங்க. பாட்டியம்மா பக்கத்துல நின்னுக்கிட்டு இடுப்புக்குக் கையைக் கொண்டு போனாங்க. "அம்மா, டேப்பை எடுத்தே, நான் எழுந்து வந்துடுவேன்"னு கட்டில்ல இருந்தே பொண்ணு அதட்டினா.

நேத்துதான் முடிவான காகிதம் வந்துச்சு. கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்கு. ரயில் பக்கக் கீழ்த்தளம் பட்டறைக்கு மட்டும், கடையா மாத்த முடியாது. கூரை பதினாறு அடி. கதவு ரயில் பக்கம், எதிர்ல இருபத்திரெண்டு அடி பாதை. எட்டு மணி, ஏழு மணி அதுவும் இருக்கு. மேல வீட்டுல ஒரு பங்கு அங்கயே வேலை பார்க்கிறவங்களுக்கு. எல்லாம் பால்பாயசம்னு சொல்ல மாட்டேன். கட்டி முடிக்க மூணு வருஷம் ஆகும். அதுவரைக்கும் ரெண்டாவது பாலத்துக்கு அந்தப் பக்கம் தற்காலிகக் கொட்டகை. நாப்பது பேர்ல ரெண்டு பேரு, எங்களால இந்த அலைச்சல் ஆகாதுன்னு கிளம்பிட்டாங்க. டப்பாக்காரர் மட்டும் காகிதத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கார். கேட்டா, முதல்ல இருந்தே அவருதான் போல்ட்டக்காவைத் தூண்டி விட்டாராம்.

இன்னைக்குக் காலையில, பட்டறைக்குப் போற வழியில வந்தாங்க. தினமும் அப்படித்தான். செருப்பைக் கழட்டிட்டு, நகத்துல எண்ணெய்க் கறை போகற வரைக்கும் மூணு தடவை சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் குழந்தையைத் தொடுவாங்க. மடியில போட்டுக்கிட்டாங்க. மூக்கும் மூக்கும் ஒண்ணையொண்ணு பார்த்துக்குது. நான் காகிதத்தை எழுத்துக் கூட்டி எழுத்துக் கூட்டி உரக்கப் படிச்சேன். படிச்சு முடிச்சுட்டு, "இப்பவாவது நிம்மதியா சம்பந்தியம்மா? ஜெயிச்சுட்டீங்களே"ன்னேன்.

பேத்தி அவங்க விரலைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல. அந்தப் பிடியைப் பார்த்துக்கிட்டே சொன்னாங்க:

"கதவு வரட்டும் அண்ணே. நான் போய் அளந்து பார்த்துட்டு அப்புறம் சொல்றேன். நீங்க அன்னைக்கு சும்மா உக்காந்திருங்க, டேப்போட அந்த முனையை இவ பிடிப்பா."